திருகாணியைத் திருகினால் கரூஸோ அரைக் கட்டை ஏறுவார்! தெரியுமா?

பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு கைச்சாவி கிராமபோன் இருந்தது. பழைய சாமான் கடையில் மொத்தமாக வாங்கிய தட்டுகளுக்கு நடுவே, யாருக்கும் மொழி புரியாத ஓர் இத்தாலியத் தட்டும் கிடந்தது. ஓர் ஆண் குரல், பின்னால் தகர டப்பாவுக்குள் வாசித்தாற்போல் வாத்தியங்கள். பாதிப் பாட்டில் ஸ்பிரிங் தளரும். அவ்வளவுதான்! கம்பீரமாக ஏறிக்கொண்டிருந்த குரல் மெல்ல மெல்லச் சரிந்து, மாடு கத்துவதுபோல் இழுத்து, கடைசியில் கிணற்றுக்குள் விழுந்துவிடும். “சாவி கொடுடா!” என்று பெரியப்பா கத்துவார். நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, விழுந்த மனிதர் கிணற்றிலிருந்து ஏறி வந்து, விட்ட இடத்திலிருந்து பாடுவார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

ஓபரா ஒலிப்பதிவின் பாதி ரகசியம் அந்த வேடிக்கைக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவர முப்பது வருஷம் ஆயிற்று.

தட்டு மெதுவாகச் சுற்றினால் பாட்டு மெதுவாகும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூடவே ஸ்ருதியும் இறங்குகிறதே, அதைக் கவனித்தீர்களா? காலப்பிரமாணமும் ஸ்ருதியும் தட்டில் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றைத் தட்டினால் இன்னொன்றும் ஓடும். வேகத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்டினால் ஸ்ருதி அரைக் கட்டை ஏறும். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 73½-ல் ஓட்டினால் அரைக் கட்டை இறங்கும். மூன்று நிமிடப் பாட்டு 11 விநாடி நீளும். குரலின் நிறமும் மாறிவிடும். துள்ளும் இளைஞன் தொப்பை விழுந்த நடுவயதுக்காரன் ஆகிவிடுவான். வேகத்தை மாற்றும் ஒரு சின்னத் திருகாணி செய்யும் வேலை இது!

சரி, வேகம் சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு காகித வித்தை இருக்கிறது. வட்டமாக வெட்டிய காகிதத்தில் சரியாக 77 கருப்புக் கோடுகளை, சைக்கிள் கம்பிகள்போல் சுற்றிலும் சம இடைவெளியில் போட வேண்டும். அதைத் தட்டின்மேல் வைத்து, பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் சுழல விட வேண்டும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை கண் சிமிட்டுகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. தட்டு 77.92 சுற்றில் ஓடும்போது, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கோடு அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்து நிற்கும். விளைவு? சுழலும் தட்டின்மேல் கோடுகள் அசையாமல் நிற்கும்! வேகம் கூடினால் கோடுகள் முன்னால் ஊரும், குறைந்தால் பின்னால் ஊரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி என்பதால் அங்கே 78.26. ஆக, நாம் சும்மா ‘78’ என்று சொல்லும் எண்ணே ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறு. இந்த வித்தையை இன்றைய எல்.இ.டி. பல்பில் செய்து பார்த்து ஏமாந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். பல பல்புகள் அப்படிச் சிமிட்டுவதில்லை.

இனிமேல்தான் கூத்தே. ஆரம்ப காலத் தட்டுகளில் பல 78-ல் பதிவானவையே அல்ல, தெரியுமா?

1902 ஏப்ரல் 11. மிலான் நகரின் கிராண்ட் ஹோட்டல். அந்த ஓட்டலில்தான் முந்தைய ஆண்டு ஜனவரியில் ஓபரா இசையமைப்பாளர் வெர்டி காலமானார். அங்கே ஓர் அறையில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற அமெரிக்கர் மெழுகுத் தட்டும் தகரக் குழலுமாகக் காத்திருக்கிறார். 29 வயது டெனர் (ஆண்களின் மேல் ஸ்தாயிக் குரல்) பாடகர் என்ரிகோ கரூஸோ வருகிறார், ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டுப் பாடுகிறார், 100 பவுன் வாங்கிக்கொண்டு போகிறார். பக்கவாத்தியம் ஒரு பியானோ மட்டும். ‘இது அநியாயக் கூலி, பதிவு செய்யாதே’ என்று லண்டன் தலைமை அலுவலகம் தந்தி அடித்ததாகவும், தாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் கெய்ஸ்பெர்க் பின்னாளில் எழுதினார். அந்தப் பத்தும் உலகத்தையே கிராமபோன் வாங்க வைத்தன.

அதே கெய்ஸ்பெர்க், அதே வருஷம் நவம்பரில் எங்கே இருந்தார் தெரியுமா? கல்கத்தாவில்! கோஹர் ஜானைப் பாடவைத்து இந்தியாவின் முதல் கிராமபோன் தட்டுகளைப் பதிவு செய்துகொண்டு. பாட்டின் முடிவில் கோஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து ஆலைக்காரர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே!

விஷயத்துக்கு வருவோம். அன்றைய பதிவு இயந்திரத்தில் 78 என்று எந்தச் சட்டமும் இல்லை. 70-க்கும் கீழேயிருந்து 80-க்கும் மேலே வரை, ஆளுக்கொரு வேகம், ஊருக்கொரு வேகம். கரூஸோவின் மிலான் தட்டுகளை அப்படியே 78-ல் ஓட்டினால், அவர் உண்மையில் பாடியதைவிட மேலே, அவசர அவசரமாக, கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல் கேட்கும். பல காலம் உலகம் அவரை அப்படித்தான் கேட்டது. பாவம், எத்தனை பேர் ‘என்னய்யா பெரிய கரூஸோ’ என்று தட்டைத் திருப்பி வைத்தார்களோ!

பிறகு எப்படிச் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் ஓபரா கைகொடுக்கிறது. நம் கச்சேரியில் ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தில் பாடுவார். ராகத்துக்கு நிலையான இடம் கிடையாது. ஓபராவில் இசையமைப்பாளர் ‘இந்தப் பாட்டு இந்த ஸ்வரத்தில்’ என்று ஆணி அடித்துவிடுகிறார். புச்சினியின் ‘டோஸ்கா’வில், விடிந்தால் சாகப்போகிறவன் பாடும் பாட்டு ‘பி மைனர்’. பியானோவில் அந்த ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே, தட்டின் குரல் அதோடு சேரும்வரை திருகாணியைத் திருக வேண்டும். சேர்ந்ததா? அதுதான் 1902-ல் ஓடிய வேகம்!

அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. பாடகர்கள் லேசுப்பட்டவர்களா? உச்ச ஸ்தாயி எட்டவில்லை என்றால் மொத்தப் பாட்டையும் அரைக் கட்டை இறக்கிப் பாடிவிடுவார்கள். ‘லா போஹேம்’ ஓபராவில் இருட்டில் ஒரு பெண்ணின் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு கவிஞன் பாடுகிறானே, அதன் உச்சியில் ஒரு ‘சி’ இருக்கிறது; டெனர்களின் எவரெஸ்ட். பாட்டையே அரைக் கட்டை இறக்கிவிட்டால் அது ‘பி’யாகிவிடும், தப்பித்துவிடலாம். மேடையில் இது இன்றும் நடக்கிறது. சபையில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இப்போது ஒரு பழைய தட்டு கையில் இருக்கிறது. 78-ல் ஓட்டினால் எழுதிய ஸ்ருதிக்கு வருகிறது, 73½-ல் ஓட்டினால் அரைக் கட்டை கீழே. பாடகர் எழுதியபடியே பாட இயந்திரம் 78-ல் ஓடியதா, இல்லை அவர் இறக்கிப் பாட இயந்திரம் மெதுவாக ஓடியதா? குரலின் அதிர்வைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வைப்ரேட்டோ ஆட்டுக்குட்டி போல் கிடுகிடுத்தால் வேகம் அதிகம். உயிரெழுத்துகள் குகைக்குள் பேசுவதுபோல் கனத்தால் வேகம் குறைவு. இதைக் காதால் மட்டுமே பிடிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் தம்புரா சுருதி சேர்க்கும்போது ‘இன்னும் ஒரு மயிரிழை’ என்பார்களே, அந்த ஜாதிக் காது.

இதைவிடப் பெரிய துப்பறியும் கதை நியூயார்க்கில். மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கின் நூலகர் லயனல் மேப்பிள்சன் சுமார் 1901 முதல் 1903 வரை, மேடைக்கு முன் வசனம் எடுத்துக்கொடுப்பவர் உட்காரும் குழியிலும், பிறகு மேடைக்கு மேலே அந்தரத்தில் போகும் நடைபாதையிலும் ஒரு எடிசன் கருவியை வைத்து, நடந்துகொண்டிருந்த ஓபராக்களையே மெழுகு உருளைகளில் பிடித்தார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத் துண்டு. இரைச்சலென்றால் இரைச்சல், அடைமழையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று கேட்பதுபோல. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால் ழான் த ரெஷ்கே என்ற மாபெரும் டெனர் தூரத்தில் கேட்கிறார். அவர் குரல் நமக்கு மிஞ்சியது அந்த உருளைகளில்தான்! அவற்றின் வேகத்தை எதை வைத்து ஒழுங்கு செய்கிறார்கள் என்கிறீர்கள்? அதேதான்: வெர்டியும் வாக்னரும் எழுதி வைத்த ஸ்ருதி.

ஆனால் அந்த ‘எழுதி வைத்த ஸ்ருதி’யே ஓரிடத்தில் நின்றதில்லை, தெரியுமா? இன்றைய உலகத் தரப்படி நடு ‘ஏ’ ஸ்வரம் விநாடிக்கு 440 அதிர்வு. ஹேண்டலின் ஸ்ருதிக்கவை ஒன்று 422.5. மோசார்ட்டுக்குப் பிடித்த பியானோக்களைச் செய்த ஸ்டைனின் கவை 421.6. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்தியக்காரர்கள் ‘பளிச்’சென்று கேட்க வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். மிலானின் லா ஸ்காலாவில் அது 450-ஐத் தாண்டியது. வயலின்காரர் கம்பியை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். தொண்டையை எங்கே போய் முறுக்குவது? பாடகர்கள் கூச்சல் போட, 1859-ல் பிரான்ஸ் அரசு 435 என்று சட்டமே போட்டது. அதை முடிவு செய்த குழுவில் இசையமைப்பாளர்கள் ரோசினியும் பெர்லியோஸும் இருந்தார்கள். வெர்டி 432 கேட்டார். 1988-ல் மறுபடியும் 432-க்கு இறக்க வேண்டும் என்று ஒரு மனு கிளம்பியபோது டெனர் பவரோட்டி அதில் கையெழுத்துப் போட்டார். (இன்று இணையத்தில் 432-ஐப் பிரபஞ்ச அதிர்வு, நோய் தீர்க்கும் அதிர்வு என்றெல்லாம் விற்கிறார்கள். வெர்டி கேட்டது பிரபஞ்சத்துக்காக அல்ல, தொண்டைக்காக.)

‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவு ராணி கோபத்தில் கக்கும் உச்ச ‘எஃப்’ இருக்கிறதே, 1791-ல் மோசார்ட் அதைத் தன் மைத்துனி யோசெஃபாவின் தொண்டைக்கென்றே எழுதினார். ஸ்டைனின் கவைக்கணக்கில் பார்த்தால், இன்றைய ராணிகள் அந்த அம்மாளைவிட ஏறக்குறைய அரைக் கட்டை மேலே ஏறியாக வேண்டும். சம்பளம் கூடியிருக்கிறது, கோபுரமும் உயர்ந்திருக்கிறது!

பெல்லினியின் ‘நோர்மா’வில் நிலவைத் தொழும் பாட்டு, ‘காஸ்தா தீவா’. மரியா கலாஸின் குரலில் ஒருமுறை கேட்டவர்கள் அந்த ராத்திரி தூங்க மாட்டார்கள். இன்று பெரும்பாலோர் அதை ‘எஃப்’ மேஜரில் பாடுகிறார்கள். பெல்லினி கைப்பட எழுதியது ‘ஜி’ மேஜர்! 1831-ல் முதல் நோர்மாவாக நின்ற ஜுடித்தா பாஸ்தாவுக்காக முழுசாக ஒரு கட்டை இறக்கினார்கள். அது இறங்கியபடியே நின்றுவிட்டது. ‘ஜி’யில் அந்தப் பாட்டு வெள்ளி, ‘எஃப்’பில் பால். எனக்குப் பால்தான் பிடிக்கும், ஆனால் பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

தலைகீழ்க் கதை ஒன்று. ‘இல் ட்ரோவத்தோரே’யில் தாயை எரிக்கப்போகும் நெருப்பைப் பார்த்து மகன் வாளை உருவிக்கொண்டு பாடும்போது, கடைசியில் கூரையைப் பிய்க்கும் ஒரு ‘சி’ வருமே? அதை வெர்டி எழுதவேயில்லை! டெனர்கள் சேர்த்தது, ரசிகர்கள் பிடித்துக்கொண்டது. அந்த எழுதாத ‘சி’ வராத டெனர்கள், எழுதிய பாட்டை அரைக் கட்டை இறக்குகிறார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: இல்லாத ஒரு ஸ்வரத்துக்காக இருக்கிற பாட்டு முழுதும் இறங்குகிறது. 2000 டிசம்பர் 7, லா ஸ்காலாவின் பருவத் தொடக்க நாள். நடத்துநர் ரிக்கார்தோ முத்தி, ‘எழுதியதை மட்டும் பாடு’ என்று டெனர் சால்வத்தோரே லிசித்ராவிடம் சொல்லிவிட்டார். அவரும் அப்படியே பாடினார். மேல்மாடி ரசிகர்கள் ஊளையிட்டார்கள்!

இதெல்லாம் ஸ்ருதி. உணர்ச்சிக்கு வருவோம், அது இன்னும் மாயம். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று கிடார் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நம் கணக்கில் சொன்னால் சங்கராபரணம் சிரிக்கும், கீரவாணி அழும். ஆனால் ஓபரா உலகின் மிகப் பெரிய ஒப்பாரிகளில் ஒன்று சுத்தமான ‘சி’ மேஜரில் இருக்கிறது, தெரியுமா? 1762-ல் குளுக் எழுதிய ‘ஓர்ஃபியோ’. செத்த மனைவியை எமலோகம் வரை போய் மீட்டுக்கொண்டு வருகிறவன், திரும்பிப் பார்த்ததால் அவளை இரண்டாம் முறையும் இழக்கிறான். அப்போது பாடும் பாட்டு அது. இந்த மெட்டுக்கு ‘கிடைத்துவிட்டாள்’ என்று சொல் போட்டாலும் அப்படியே பொருந்துமே என்று ஒரு விமர்சனம் உண்டு. வியன்னாவின் விமர்சகர் ஹான்ஸ்லிக் அதையே எடுத்துக்காட்டி வாதாடினார். அப்படியென்றால் அழுகை எங்கிருந்து வருகிறது? காலப்பிரமாணத்திலிருந்து! குளுக்குக்கே இது தெரிந்திருந்தது. பின்னால் வந்த ஓர் ஓபராவின் முன்னுரையில் அவர் எழுதினார்: இந்தப் பாட்டைக் கொஞ்சம் அசைத்தாலும் பொம்மலாட்டக் கூத்தாகிவிடும் என்று. சந்தேகமென்றால் இன்றே கைபேசியில் ஒரு பதிவைப் போட்டு, வேகத்தை 1.5 ஆக்கிப் பாருங்கள். இப்போதைய செயலிகள் ஸ்ருதியை ஏற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டும், நுகத்தை அவிழ்த்துவிட்டார்கள்! மனைவியை இழந்தவன் கல்யாண ஊர்வலத்தில் ஆடுவதுபோல் கேட்கும். நான் செய்து பார்த்துவிட்டு, குளுக்கிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

நேர் எதிர் அதிசயமும் உண்டு. தோனிஸெத்தியின் ‘எலிசிர் தாமோரே’, 1832. ‘பி ஃப்ளாட் மைனர்’. தனியாக ஒரு பஸூன் மூக்கடைத்த குரலில் ஆரம்பிக்க, டெனர் மெதுவாகப் பாடுகிறான். கேட்கிற எவரும் ‘யாரோ செத்துவிட்டார்கள்’ என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அந்த அப்பாவிக் கிராமத்துப் பையன், தான் காதலிக்கும் பெண்ணின் கண்ணில் ஒரு துளி நீரைப் பார்த்துவிட்டு, ‘என்னை நேசிக்கிறாள்!’ என்று கண்டுகொண்ட நொடி அது! நகைச்சுவை ஓபராவின் நடுவில் இது எதற்கு என்று பாட்டு எழுதிய ரொமானியே எதிர்த்தார், தோனிஸெத்தி விடவில்லை. மைனரில் நடந்துகொண்டே இருந்து முடிவில் மேஜரில் காலை வைக்கும்போது, அந்தப் பையனோடு நமக்கும் உள்ளே ஏதோ அவிழ்கிறது. மகிழ்ச்சி தாங்காமல் அழுவதற்கு மைனர்தான் சரி என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ!

‘கார்மென்’ ஓபராவை எழுதிய பிஸே கொஞ்சம் குறும்புக்காரர். கார்மென் வந்து நின்று பாடும் ‘ஹபனேரா’ என்ற பாட்டில் செல்லோக்கள் ஒரே தாளக்கட்டை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் அடிக்கின்றன. மேலே அவள் குரல் மட்டும் அரை அரை ஸ்வரமாக வழுக்கி இறங்குகிறது. ‘டி மைனர்’, திடீரென்று ‘டி மேஜர்’, மறுபடி மைனர். சிரிக்கிறாளா மிரட்டுகிறாளா? தெரியாது, அதுதான் கார்மென். இந்த மெட்டை நாட்டுப்பாட்டு என்று நினைத்து பிஸே எடுத்தாண்டார். பிறகுதான் அது யிராதியே என்ற இசையமைப்பாளருடையது என்று தெரிந்தது. இன்னொன்று: கலாஸ் 1964-ல் முழுக் கார்மெனையும் பதிவு செய்தார். மேடையில் ஒரு நாளும் கார்மெனாக நின்றதில்லை!

வேகம் என்றதும் நினைவுக்கு வருபவர் டொஸ்கனீனி. 1896-ல் ‘லா போஹேம்’ முதன்முதல் மேடையேறியபோது நடத்தியவர். சரியாக 50 ஆண்டு கழித்து, 1946 பிப்ரவரியில் நியூயார்க் வானொலியில் அதே ஓபராவை நடத்தினார். அந்தப் பதிவு இருக்கிறது. காதைத் தீட்டிக் கேட்டால் ஒரு கரகரத்த குரல் கூடவே முனகும். கிழவர்தான்! 78 வயதில் உணர்ச்சி தாங்காமல் தானும் பாடிக்கொண்டே நடத்துகிறார். மின்னல் வேகக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆனால் வாக்னரின் ஊரான பைராய்ட்டில் ‘பார்சிஃபல்’ எவ்வளவு நேரம் ஓடியது என்று ஆண்டாண்டாகக் குறித்து வைத்திருக்கிறார்களே, அதில் மிக மெதுவானது யாருடையது? டொஸ்கனீனி, 1931! இடைவேளை போகச் சுமார் 4 மணி 48 நிமிடம். 1970-ல் பியேர் பூலே அங்கே பதிவு செய்ததைக் கேளுங்கள்: சுமார் 3 மணி 38 நிமிடம். அதே தாள், அதே ஸ்வரங்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். ஒரு தமிழ்ப் படத்தின் பாதியே உள்ளே போய்விடும்!

ஒரு கோயில் மணியின் ஸ்ருதியைக் கேட்டு அலைந்த இசையமைப்பாளரைத் தெரியுமா? புச்சினி. ‘டோஸ்கா’வின் மூன்றாம் அங்கம் ரோம் நகரத்தில் விடியும் நேரம். ஊர்க் கோயில் மணிகள் ஒவ்வொன்றாக எழும் சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்க, அவர் ரோமுக்கே போய், காட்சி நடக்கும் கோட்டை மேல் ஏறி நின்றார். புனித பேதுரு பேராலயத்தின் பெரிய மணி எந்த ஸ்வரத்தில் அடிக்கிறது என்று தெரிந்த பாதிரியாரை விசாரிக்கச் சொன்னார். பதில் வந்தது: கீழ் ஸ்தாயி ‘ஈ’. அந்த ‘ஈ’யையே விடியலின் அடியில் வைத்தார். 1953-ல் கலாஸ் பாட, விக்டர் தெ சபாத்தா நடத்திய பதிவைப் போட்டு அந்த இடத்துக்குப் போங்கள். ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள். மணி உள்ளங்கையில் அடிக்கும். இதே பதிவில் வில்லன் வேடம் போட்ட தித்தோ கொப்பி, முதல் அங்கத்துப் பகுதிகளை முப்பது முறை பாட வேண்டியிருந்தது என்று தயாரிப்பாளர் வால்டர் லெக் நினைவுகூர்ந்தார். ஒவ்வோர் அசைக்கும் நிறம் தேடினார்களாம்.

லெக்கின் இன்னொரு திருவிளையாடல்! 1952-ல் ஃபுர்ட்வெங்லர் நடத்திய ‘டிரிஸ்டான்’ பதிவில் இசோல்டேயாகப் பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். வயது 56, வெண்கலக் குரல், ஆனால் உச்ச ‘சி’ மட்டும் கைவிட்டுவிட்டது. அந்த இரண்டு ‘சி’க்களைப் பாடிக்கொடுத்தவர், பின்னாளில் லெக்கின் மனைவியான எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப்! ஒரு வாயில் இரண்டு தொண்டை. விஷயம் வெளியே வந்தபோது பெரிய ரகளை. நம் சினிமாவில் முகம் ஒருவர், குரல் ஒருவர் என்பதை அன்றாடம் பார்க்கும் நமக்கு இதில் என்ன ரகளை என்றுதான் தோன்றும்.

ஷோல்டி நடத்திய வாக்னரின் ‘ரிங்’ பதிவில் தயாரிப்பாளர் ஜான் கல்ஷா அடித்த கூத்து தனி. அதில் வரும் ‘ரைன்கோல்ட்’ ஓபராவின் பாதாளக் கொல்லர்களுக்கு வாக்னர் 18 பட்டறைக்கல் எழுதியிருக்கிறார். மேடைகளில் நாலைந்தோடு சமாளிப்பார்கள். கல்ஷா 1958-ல் வியன்னாவில் பதினெட்டையும் வரவழைத்து அடிக்கவைத்தார். அந்த ஓபராவின் ஆரம்பமும் ஓர் அதிசயம்: 136 அளவைகள், நாலு நிமிடத்துக்கு மேல், ‘ஈ ஃப்ளாட்’ மேஜரை விட்டு அசையவே அசையாது. தம்புராவோடு வளர்ந்த காதுகளுக்கு அது சொந்த வீடு மாதிரி. ஐரோப்பியருக்கோ அந்தக் காலத்தில் தலை சுற்றியிருக்கும். பிறகு 1964-ல் அதே ‘ரிங்’கின் ‘கோட்டர்டேமருங்’. நாயகன் சீக்ஃபிரீட் மந்திரக் குல்லாய் போட்டுக்கொண்டு வேறொருவன் வேஷத்தில் வருகிறான். டெனர் பாடகர் வின்ட்காஸனின் குரலை மின்கருவிகளால் கனப்படுத்தி, பாரிடோன் போல் ஆக்கிவிட்டார் கல்ஷா!

இந்தியர் கை பட்ட ஒரு பதிவையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. 1972-ல் லண்டனில் புச்சினியின் ‘துரந்தோத்’ பதிவானது. பவரோட்டி, சதர்லாண்ட், கபாயே. நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா. 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு பிபிசி தொலைக்காட்சி முகப்பிசையாக எடுத்துக்கொண்டது இதிலிருந்து ‘நெஸ்ஸுன் டோர்மா’வை. அதுவரை ஓபரா பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், பீர் கோப்பையோடு அந்த உச்ச ‘பி’க்குக் கூடவே கத்தினார்கள். ஓபராவில் இந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாது என்பது தெரியுமா? கைதட்ட இடம் விடாமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். கச்சேரிகளில் கேட்கும் அந்தக் கம்பீர முத்தாய்ப்பு பின்னால் ஒட்டவைத்தது.

இத்தனைக்கும் மேலே, நிஜமாகவே மேலே, ஒரு தட்டு இருக்கிறது. 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்கமுலாம் பூசிய செப்புத் தட்டு. அதில் கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது; இரவு ராணியின் கோபமும் இருக்கிறது. எட்டா மோஸர் பாட, சவாலிஷ் நடத்திய முனிக் பதிவு. நிறையப் பாட்டு அடைக்க வேண்டும் என்பதால் சாதாரண எல்பி வேகத்தில் பாதியில், நிமிடத்துக்கு 16⅔ சுற்றில் ஓடும்படி வெட்டியிருக்கிறார்கள். ஊசியும் கூடவே போகிறது. சரி, வேற்றுக்கிரகவாசிக்கு ‘நிமிடம்’ என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி செய்தார்கள்! உறையின் மேல், தட்டுப் படத்தைச் சுற்றிலும், ஒரு சுற்றுக்கு ஆகும் 3.6 விநாடியை ஹைட்ரஜன் அணுவின் துடிப்புக் கணக்கில், இரும எண்ணாகச் செதுக்கியிருக்கிறார்கள். அண்டம் முழுக்க ஹைட்ரஜன் ஒரே மாதிரிதானே துடிக்கும். நம் 77 கோட்டுக் காகிதம்தான், கொஞ்சம் பெரிய அளவில்!

யாராவது அந்தக் கணக்கைப் படிக்காமல் நம் ஊர் எல்பி வேகத்தில் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? மூன்று நிமிடக் கோபம் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ராணி முழுசாக ஒரு ஸ்தாயி ஏறி, சுண்டெலியாகக் கீச்சிடுவாள்.